முட்டம் லைட் ஹவுஸை தொல்லியல் துறையிடம் கொடுத்தால் என்ன?

நாஞ்சில் நடைவண்டி:
போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முட்டம் போயிருந்தேன். பாறை முழுக்கக் கூட்டம், செல்ஃபி, சுண்டல், ஐஸ் வண்டி. மேலே வெள்ளைக்காரன் காலத்து லைட் ஹவுஸ் நிற்கிறது, அதைப் பற்றி நாலு பேரிடம் கேட்டேன், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் மகள் "இது எந்தப் படத்தில் வரும்" என்று கேட்டாள். வட்டக்கோட்டையைப் பாருங்கள், மத்திய தொல்லியல் துறை புல் வெட்டி, போர்டு வைத்து, ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்கு 37 கோடி கிடைக்கிறது. கைவிடப்பட்ட ஒரு விளக்குக்கு ஒன்றும் கிடையாதா? ஜிபிஎஸ் வந்த பிறகு அதற்கு வேலையும் இல்லை. பேசாமல் தொல்லியல் துறையிடம் கொடுத்து, நினைவுச்சின்னமாக அறிவித்து, உள்ளே சின்னதாக ஒரு மியூசியம் வைக்கலாம். மனு எழுதப் போகிறேன், கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?

வள்ளக்காரன்:
அண்ணாச்சி, வேலை இல்லை என்று யார் சொன்னது? கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். என்னிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, எல்லாமே பேட்டரியில் ஓடுகிற சாமான், உப்புத் தண்ணீர் பட்டால் முதலில் படுப்பதும் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி எஞ்சின் நின்று, கருவியும் செத்து, நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போகிறது. அப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது அந்த விளக்கை வைத்துத்தான். ஒவ்வொரு லைட் ஹவுஸும் மின்னுகிற கணக்கு வேறு வேறு, எண்ணிப் பார்த்தால் இது முட்டம், அது விழிஞ்ஞம் என்று தெரிந்துவிடும். எங்க அப்பா காலத்தில் பகலிலும் அதற்கு வேலை உண்டு. சர்ச் கோபுரத்தையும் லைட் ஹவுஸையும் பின்னால் தெரிகிற மலையோடு சேர்த்துப் பிடித்துத்தான் மீன் கிடக்கிற பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, கண்டுபிடிப்பார். உங்கள் மியூசியத்தில் இதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

நாஞ்சில் நடைவண்டி:
தம்பி, கோபப்பட வேண்டாம். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு இரும்புக் கோபுரம் வைத்து அதில் எல்இடி போட்டால் உங்கள் வேலை முடிந்துவிடும், பழைய கட்டடமும் நிம்மதியாக இருக்கும், இல்லையா?

தக்கலைக்காரி:
நிம்மதியாக இருக்குமா? சென்னையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள் 1844இல் எழுப்பிய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது, ஒரு காலத்தில் துறைமுகத்துக்கே வெளிச்சம் அதுதான். 1894இல் விளக்கை ஹைகோர்ட் கோபுரத்துக்கு மாற்றினார்கள், 1977இல் அங்கிருந்து மெரினாவுக்கு. நான் அங்கே மூன்று வருஷம் ஜூனியர் வக்கீலாக இருந்திருக்கிறேன், அந்தத் தூணைத் தாண்டி தினமும் நடந்திருக்கிறேன், அது லைட் ஹவுஸ் என்று எனக்கே இரண்டாவது வருஷம்தான் தெரியும். அதுதான் உங்கள் நிம்மதி.

அப்புறம் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னம் என்று மத்திய தொல்லியல் துறை அறிவித்தால் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முட்டத்தில் அந்த 300 மீட்டருக்குள் யார் வீடு வருகிறது, அளந்து பார்த்தீர்களா? மகளுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஒரு ரூம் எடுக்க நினைத்தாலும் அனுமதிக்கு அலைய வேண்டும். நாகர்கோவிலில் இருந்து மனு எழுதுவது சுலபம் அண்ணாச்சி.

வள்ளக்காரன்:
இந்த 300 மீட்டர் எனக்குத் தெரியாது அக்கா. அப்படியென்றால் கையெழுத்து ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் இருந்து வராது.

கொத்தனார் மகன்:
எல்லோரும் யாரிடம் கொடுப்பது என்று பேசுகிறீர்கள், கட்டடம் எதனால் சாகிறது என்று ஒருத்தரும் பேசவில்லை. பழைய கட்டுமானம் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. கடற்காற்றில் வருகிற உப்பும் ஈரமும் சுவருக்குள் போகும், சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விட்டுவிடும், மூச்சு விடுகிற சுவர் என்று எங்க அப்பா சொல்வார். அதன் மேல் சிமென்ட் பூசி, தண்ணீர் இறங்காத பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். காயும்போது உப்பு உள்ளே படிகமாகிப் பருத்து, கல்லின் முகத்தையே பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே பொடிந்துகொண்டிருக்கும். கடலோரத்தில் பழைய வீடு ஒன்றில் நானே சிமென்ட்டைக் கொத்தி எடுத்தேன், கையளவு பூச்சோடு செங்கல் மாவாகக் கொட்டியது. திரும்பவும் சுண்ணாம்பை ஊற வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூச இரண்டு மாசம் பிடித்தது, வீட்டுக்காரர் பாதியில் என்னைத் திட்டினார், அது வேறு கதை. எந்தத் துறை வைத்திருந்தாலும், டெண்டரில் "பழுது பார்த்து வர்ணம் பூசுதல்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் வருகிறவர் சிமென்ட் மூட்டையோடுதான் வருவார்.

நாஞ்சில் நடைவண்டி:
இதைத்தானே நானும் சொல்கிறேன், தொல்லியல் துறையிடம் இருந்தால் சுண்ணாம்பு தெரிந்த ஆட்கள் வருவார்கள். இப்போது வைத்திருக்கிற கலங்கரை விளக்கத் துறைக்கு வேறு ஆசை. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடிக்கு வந்த பிரதமர் நாடு முழுக்க 75 லைட் ஹவுஸ்களில் சுற்றுலா வசதிகளைத் தொடங்கி வைத்தார். சுற்றுலா என்றால் என்ன வரும், டைல்ஸ், கலர் லைட், "ஐ லவ் முட்டம்" என்று ஒரு எழுத்துப் பலகை. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி. எனக்கு அந்த பயம்தான்.

தக்கலைக்காரி:
அந்த பயம் எனக்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. 1927ஆம் வருஷத்து லைட் ஹவுஸ் சட்டத்தை எடுத்துவிட்டு 2021இல் கடல்வழி உதவிகளுக்கு என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் பாரம்பரிய கலங்கரை விளக்கம் என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்று இருக்கிறது. அப்படி அறிவித்தால் கப்பலுக்கு வழி காட்டுகிற வேலை நிற்காது, கூடவே கல்வி, பண்பாடு, சுற்றுலாவுக்காகவும் அதை மேம்படுத்தலாம். விளக்கும் எரியும், 300 மீட்டர் பிரச்சினையும் இல்லை. மனு எழுதுவதானால் இதைக் கேட்டு எழுதுங்கள்.

நாஞ்சில் நடைவண்டி:
அறிவிப்பு சரி. பழுது பார்ப்பது யார் மேற்பார்வையில்? அது சட்டத்திலேயே இல்லாவிட்டால் கொத்தனார் மகன் சொன்ன சிமென்ட் மூட்டை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? மாமல்லபுரத்தில் ஒரே பாறை மேல் பல்லவர் காலத்து உழக்கெண்ணெய் ஈஸ்வரர் கோயில் இருக்கிறது, அதன் தலையிலேயே ஒரு காலத்தில் விளக்கு எரிந்தது, பக்கத்தில் 1900இல் கட்டிய லைட் ஹவுஸ் இருக்கிறது. கோயில் தொல்லியல் துறையிடம், லைட் ஹவுஸ் கலங்கரை விளக்கத் துறையிடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துறை இருக்க முடிகிறதே, முட்டத்தில் ஒரே கட்டடத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் என்ன?

கொத்தனார் மகன்:
இரண்டு துறை ஒரு சுவரைப் பார்த்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் அண்ணாச்சி. பூச்சு எதில் என்று ஒரே ஒரு வரி மனுவில் சேருங்கள், போதும்: சுண்ணாம்பு, சிமென்ட் கூடாது.

வள்ளக்காரன்:
பேரிலேயே பதில் இருக்கிறது, எங்க பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் சொன்னது. காக்கா கரைகிறது என்கிறோம் இல்லையா, கரைவது என்றால் கூப்பிடுவது. கலம் என்றால் கப்பல். கலத்தைக் கரைகிற விளக்கம். பெரும்பாணாற்றுப்படையிலேயே உயரத்தில் தீ மூட்டி ஓடுகிற கலத்தைக் கூப்பிடுகிற துறைமுகம் வருகிறதாம். கூப்பிடாததற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் நடைவண்டி:
சரி மக்கா, தொல்லியல் துறை என்பதை எடுத்துவிடுகிறேன், ஆனால் மேற்பார்வைக்கு அவர்களில் ஒருத்தராவது இருக்க வேண்டும் என்று எழுதுவேன், அதை விட மாட்டேன். தக்கலை அக்கா சொன்ன சட்டம், சுண்ணாம்பு வரி, இரண்டும் சேர்த்து நாளைக்கு இங்கே போடுகிறேன். முட்டத்தில் இருந்து கையெழுத்து வருமா?

வள்ளக்காரன்:
வரும். பகலில் லைட் ஹவுஸை வைத்து பார் பிடித்த பெரியவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் வாங்குகிறேன், நீங்களும் வந்து அவர்கள் சொல்வதை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலே "கைவிடப்பட்ட" என்று போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் எடுங்கள். நேற்று ராத்திரியும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.