இருபது நாள் லீவுக்குள் ஃப்ளாட் வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர், சரியா?

குவார்ட்டர்ஸ்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார், சர்வீஸ் 22 வருஷம் ஆகிவிட்டது. இப்போது செகந்திராபாத் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அடுத்து யூனிட் பீல்டுக்குப் போகிறது (குடும்பம் கூடப் போக முடியாத இடம்), காலி செய்யச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் கடிதம் வரும். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் இது ஆறாவது வீடு. கறுப்பு டிரங்குப் பெட்டியில் ஊர் பெயரை அழித்து அழித்து எழுதியே பெயின்ட் தடித்துப் போய்விட்டது. மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது, இருவரும் கேந்திரிய வித்யாலயா.

அடுத்த மாதம் இருபது நாள் லீவில் ஊருக்கு வருகிறோம், வேலூர் பக்கம் கணியம்பாடி. அந்த இருபது நாளுக்குள் ஆவடியில் ஒரு ஃப்ளாட்டை ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம் என்கிறார். 52 லட்சம், அதில் 40 லட்சம் லோன் கிடைக்கும் என்று புரோக்கரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். கூட வேலை பார்த்த ஒருவர் அங்கே வாங்கியிருக்கிறார், இவர் மனது வைத்ததற்கு அதுதான் காரணம். மாமனாரோ ஊரில் இருக்கும் மனையில் கட்டு என்கிறார். எனக்கும் சொந்த வீட்டு ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் இந்த அவசரம் பிடிக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாஜி_ஹவில்தார்:
சகோதரி, முதலில் ஒன்று. நாம் லீவு முடிந்து என்றைக்கு ரயில் ஏறுகிறோம் என்பது நமக்கு முன்பே புரோக்கருக்குத் தெரியும். "சார் நீங்க கிளம்புறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்பார்கள். நானும் அப்படித்தான் லீவின் கடைசி வாரத்தில் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன், மூலப்பத்திரம் கடைசி வரை வரவில்லை, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க மூன்று லீவு போனது.

இப்போது கணக்குக்கு வருவோம். 40 லட்சம் கடன், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. இன்றைய சம்பளத்தில் கட்டிவிடுவார். ஆனால் ஹவில்தாருக்கு சர்வீஸ் 24 வருஷம்தான், எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் 26. அதன் பிறகு பென்ஷன், அதாவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. உதாரணத்துக்கு பென்ஷன் 25,000 என்று வையுங்கள். பாதியை கம்யூட் செய்து மொத்தமாகப் பணம் வாங்கினால் மாதம் 12,500 பிடித்துவிடுவார்கள், அது திரும்பச் சேர 15 வருஷம் ஆகும். அகவிலைப்படி மட்டும் முழு 25,000-க்கும் கணக்காகும், அது ஒரு ஆறுதல். அப்படியும் தவணை எங்கிருந்து வரும்? அவர் இரண்டாவது வேலைக்கு எந்த ஊருக்குப் போவார் என்று யோசித்தாரா? சென்னையில் செக்யூரிட்டி வேலை என்றால் ஆவடி சரி. ஊரோடு இருந்து பேங்க், டிஎன்பிஎஸ்சி என்று பரீட்சை எழுதப் போகிறார் என்றால் அந்த ஃப்ளாட்டுக்கு வாடகைக்காரர்தான் குடியிருப்பார்.

லோனுக்கு வெளியே போவதற்கு முன் ஏஜிஐஎஃப் (ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி) வீட்டுக்கடன், ஏஎஃப்பிபி ஃபண்டில் (நம்முடைய பிஎஃப்) எவ்வளவு எடுக்கலாம் என்பதை யூனிட்டிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஏடபிள்யூஹெச்ஓ என்று நமக்கென்றே வீட்டு அமைப்பும் 1978-லிருந்து இருக்கிறது. என்ன, நாம் விரும்பும் ஊரில் எப்போதும் ஸ்கீம் இருக்காது.

கம்மவான்பேட்டை அக்கா:
உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் தங்கச்சி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி, அதனால் இந்தப் பேச்சு திண்ணைக்குத் திண்ணை நடக்கும். அண்ணன் பணக்கணக்கு சொல்லிவிட்டார், நான் வேறு சொல்கிறேன். அடுத்த வருஷம் உங்கள் மகள் பத்தாவது. அவள் படிப்பு எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வீடு அப்புறம். அவர் பீல்டுக்குப் போனதும் எஸ்எஃப் குவார்ட்டர்ஸுக்கு, அதாவது பிரிந்திருக்கும் குடும்பத்துக்குத் தரும் வீட்டுக்கு, மனு போடலாம். கிடைக்காவிட்டால் குடும்பம் தங்கும் ஊரைக் காட்டி ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வாங்க வழி இருக்கிறது, எஸ்பிஆர் என்பார்கள், கிளர்க்குக்குத் தெரியும். வேலூரிலேயே இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மாமனார் மாமியார் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும் (இதை அவரிடம் காட்டாதீர்கள்).

இன்னொன்று, பென்ஷன் வந்த பிறகு மாதா மாதம் மருந்து வாங்க ஈசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக்கும், சாமான் வாங்க மிலிட்டரி கேன்டீனுக்கும் போகத்தான் வேண்டும். அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாற்பது வயதில் சிரிப்பாக இருக்கும், அறுபதில் இருக்காது. அப்புறம் வீட்டைப் பார்க்க நீங்களும் போங்கள். வருஷம் முழுக்க மோட்டார் ரிப்பேரும் அசோசியேஷன் சண்டையும் பார்க்கப் போவது நீங்கள்தான்.

பத்திர எழுத்தர்:
பத்திரப்பதிவு விஷயம் மட்டும் சொல்கிறேன். இருபது நாளில் ரெஜிஸ்டர் செய்யலாம், ஆனால் பேப்பர் பார்க்க நேரம் இருக்காது. 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், அப்ரூவல், புது ஃப்ளாட்டாக இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு சதுர அடி, எல்லாவற்றையும் அவர் லீவில் வருவதற்கு முன்பே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம். அதோடு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று தனியாக ஒரு செலவு வருகிறது, 52 லட்சத்தில் அதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லீவு முடிந்துவிட்டாலும் பதிவு நின்றுபோகாது. அவர் இருக்கும் ஊர் சார்பதிவாளர் முன்னிலையில் உங்கள் பெயருக்கு, இந்த ஒரு சொத்துக்கு மட்டும், சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். பேங்க்கிலும் அதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொது அதிகாரத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம். அதேபோல யாராவது "பவரில் விற்கிறோம், பதிவுச் செலவு மிச்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதனால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

குவார்ட்டர்ஸ்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மாஜி அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை, பிறகு "பென்ஷன்ல தவணையை நான் நெனச்சுப் பாக்கல" என்றார். டோக்கன் இன்னும் கொடுக்கவில்லை, நல்லவேளை. புரோக்கர் இன்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். லீவில் வேலூரில் வாடகை வீடுதான் பார்க்கப் போகிறோம். ஒரு சந்தேகம், ஊரில் இருக்கும் மனை மாமனார், அவர் தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அதில் பிறகு லோன் போட்டுக் கட்ட முடியுமா?

பத்திர எழுத்தர்:
அப்படியே வைத்துக்கொண்டு பேங்க்குக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை எழுதிப் பதிந்து, சர்வே உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும். அப்புறம் மாமனார் தன் பங்கை உங்கள் வீட்டுக்காரருக்கு செட்டில்மென்ட் எழுதலாம், குடும்பத்துக்குள் என்றால் கிரயத்தை விடக் கட்டணம் மிகக் குறைவு. தாத்தா காலத்துச் சொத்தாக இருந்தால் மாமனாரின் அக்கா தங்கைகள் இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள், அவர்களும் கையெழுத்துப் போட வேண்டிவரும். இதெல்லாம் இந்த இருபது நாளுக்குள் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரியவர்கள் எல்லோரும் ஊரில் இருக்கும்போதே பேச்சை எடுங்கள்.