குழந்தைநலத் தாதிமைப் பேராசிரியரைச் சந்தித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன் அம்மா

என் மகன் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்கள் எளிதில் உடைந்துவிடும் பிறவிக் குறை என்றார்கள். சிங்கப்பூரில் 1965 முதலே இந்தச் சோதனை நடக்கிறதாம். அதற்கு முன் கடும் மஞ்சள் காமாலை மூளைவரை தாக்கிப் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்கவைத்த பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் குழந்தைநலத் தாதிமைப் பேராசிரியர் ஒருவர் மாணவிகளோடு வார்டுக்கு வந்தார். நம் தமிழர். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நாற்காலியை இழுத்து என் மாமியார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, பேரனுக்குத் துணிமணி எல்லாம் எங்கே எடுத்து வச்சிருக்கீங்க?"

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மூத்த பேரனின் சட்டைகள், தொட்டில் சேலை எல்லாவற்றையும் அந்துருண்டை போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் இருக்கும் நாப்தலீன் இந்தக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். "நீங்க இல்லேன்னா இவ்வளவு அக்கறையா யாரு எடுத்து வைப்பா? அந்த உருண்டையை மட்டும் வீட்டை விட்டே எறிஞ்சிடுங்கம்மா." அன்றிரவே அத்தை மாமாவுக்குப் போன் போட்டு அலமாரியைக் காலி செய்ய வைத்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கிளம்பும்போது மாணவிகளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது யார், துணி மடிப்பது யார் என்று முதலில் விசாரியுங்கள். அவரிடம் பேசாமல் டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள்."

பழைய மாணவி

யாரென்று புரிந்துவிட்டது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

அவர் தாதியானபோது இங்கே தாதிமையில் பட்டம் படிக்க வழியில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் தொடங்கியதே 2005ல்தான், முதல் மாணவர்கள் சேர்ந்தது 2006ல். அவர் தலைமுறையில் பட்டம் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்தான். குழந்தைகள் வார்டில் வருடக்கணக்கில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, கல்யாணமும் ஆன பிறகு படிக்கப் போனவர்.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்த கேள்வி வார்டில் கிடைத்ததுதான். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்குப் பெற்றோர் வலி மருந்தைச் சொன்ன அளவுக்குக் கொடுப்பதில்லை. மருந்துக்குப் பழகிவிடும் என்று பயம், பிள்ளை அழாவிட்டால் வலியில்லை என்ற நினைப்பு. இது பல நாட்டு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். ஆனால் நம் வீடுகளில் மருந்து பாட்டி கையில் இருக்கும், பகலில் பணிப்பெண் கையில் இருக்கும். அப்பா அம்மாவிடம் மட்டும் கேள்வித்தாளைக் கொடுத்தால் என்ன தெரியும் என்று கேட்டு அங்கிருந்து தொடங்கினார்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க ஃபிளாக் என்ற அளவுகோல் உண்டு, 1997ல் வந்தது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, சமாதானமாகும் விதம் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும், மொத்தம் 10. புத்தகத்தில் அரைப் பக்கம். அவர் எங்களை ஒரு கட்டிலருகே அழைத்துப் போனார். சத்தமே இல்லாமல் படுத்திருந்த சின்னப் பையன். கொஞ்ச நேரம் அவனோடு பேசிவிட்டுப் போர்வையை மெல்ல விலக்கினார். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தன, கால்விரல்கள் விறைத்திருந்தன. "அழுகைக்கு சைபர். காலுக்கு எவ்வளவு?" என்றார். நாங்கள் பதில் சொல்லும் முன்பே வார்டுத் தாதியை அழைத்து மருந்து நேரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

உதவிப் பேராசிரியராக இருந்த காலத்தில் கட்டுரை, ஆய்வு நிதி, பாடம் என்று மூச்சுவிட நேரமில்லை. அப்போதும் வாரம் ஒரு காலை வார்டுக்குப் போவதை விடவில்லை. பதவி உயர்வுக்கு அது உதவாது என்று சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவருடைய நல்ல ஆய்வுகள் எல்லாமே அந்தக் காலைகளில் முளைத்தவை.

ராத்திரி ஷிஃப்ட்

நான் அவருடைய ஓர் ஆய்வுக்குத் தகவல் சேகரித்தேன். எட்டு வயதுப் பையன். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சட்டப்படி அது போதுமா என்றால், நெறிமுறைக் குழு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்லும். பேராசிரியர் அவனிடம் கேட்டார். "வேணாம்" என்றான். அம்மா, "சும்மா சரின்னு சொல்லுடா, மிஸ்ஸி பாவம்" என்று கெஞ்சினார். எங்களுக்கோ ஆள் எண்ணிக்கை குறைவு, கெடு நெருங்குகிறது. "நல்லா யோசிச்சுச் சொன்னப்பா, நன்றி" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். அப்புறம் அவனோடு உட்கார்ந்து லெகோ வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். அன்று வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தோ பாயோ அப்பா

சமூக மன்றத்தில் அவர் பேசக் கேட்டேன். மேசையில் இரண்டு பாரசிட்டமால் சிரப் புட்டி. ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், மற்றதில் அதே 5 மில்லியில் 250. அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். "வீட்ல எந்தப் புட்டி இருக்குன்னு தெரியாம எத்தனை மில்லின்னு போன்ல கேட்காதீங்க" என்றார். டீ ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பிள்ளைகளின் எடையை எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். மாதாமாதம் மனைவி மாற்றி எழுதுவார்.

ஜூரோங் அம்மா

என் மகள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறாள். அவரைப் போல வர ஆசைப்படுகிறாள். வழி உண்டா?

பழைய மாணவி

தாராளமாக உண்டுங்க அக்கா. டிப்ளமா முடித்துத் தாதிமை வாரியத்தில் பதிவு செய்து வேலைக்குச் சேரட்டும். அதற்கு மேல் பட்டம் படிக்க இப்போது தேசியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. ஆனால் உடனே ஆராய்ச்சிக்கு ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைகள் வார்டில் சில வருஷம் இருந்தால் கேள்வி தானாகக் கிடைக்கும், கேள்வி இல்லாமல் பிஎச்டிக்குப் போனால் பாதியில் சோர்ந்துவிடுவாள். முழுநேர ஆராய்ச்சிக்காலத்தில் தாதிச் சம்பளம் வராது, உதவித்தொகைதான். வீட்டுக் கடன், கல்யாணம் என்று மற்றத் திட்டம் இருந்தால் அதை இப்போதே அவளோடு பேசி வையுங்கள். அவள் நம்பரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.