காலப்பயணி திரும்ப எந்த வீடு இருக்கும்?

கேள்வி: கதை எழுதுகிறேன். நாயகி ஒளிவேகத்தில் 99.5 சதவீதத்தில் போய்வருகிறாள். அவ்வளவு வேகத்தில் காலம் மெதுவாக ஓடுவதால் அவளுக்கு 5 ஆண்டு, பூமியில் 50. தம்பி கிழவனாகிவிட்டான். பழைய காலத்துக்கே அவளைத் திருப்பி அனுப்ப வழி உண்டா?

பதில் 1: ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1949-இல் கணித அறிஞர் கோடெல் கண்ட தீர்வில் உண்டு. ஆனால் அதற்குப் பிரபஞ்சமே சுழல வேண்டும். நம்முடையது அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை.

பதில் 2: தயவுசெய்து அனுப்பாதீர்கள். விண்வெளி வீரர் கிரிகலேவ் 1991 மே மாதம் சோவியத் யூனியனிலிருந்து மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். 1992 மார்ச்சில் இறங்கியபோது அந்த நாடே இல்லை. பிறந்த ஊர் லெனின்கிராடுக்குப் பெயரும் மாறியிருந்தது. அப்புறமும் பலமுறை விண்வெளிக்குப் போனார், ரஷ்ய வீரராக. உங்கள் நாயகியும் தம்பி வீட்டுக் கதவைத் தட்டட்டுமே.

கேட்டவர்: சரி, தட்டுவாள். தம்பிக்கு 68, அக்காவுக்கு 30. யார் யாரை அதட்டுவது என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

பதில் 2: அக்காதான். அதில் சந்தேகமே வேண்டாம்.