க்ஷமா சாவந்த்: பின்னணியும் நிலைப்பாடுகளும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சியாட்டில் நகர மன்றத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த், வாஷிங்டன் மாநிலத்தின் ஒன்பதாவது தொகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குச் சுயேச்சையாகப் போட்டியிடப்போவதாக 2025இல் அறிவித்ததிலிருந்து, அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்ற செய்திதான் நம்மவர் பேச்சில் முதலில் அடிபடுகிறது. அந்தப் பெருமையைவிட, அவர் எதற்காக நின்றார் என்பதை நாம் அறிந்திருப்பது முக்கியம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

1973இல் புனேயில் பிறந்து மும்பையில் வளர்ந்த அவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கணினி அறிவியல் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவர், அந்தத் துறையை விட்டு விலகி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றார். இவ்வளவு செல்வம் உள்ள நாட்டில் வறுமையும் வீடற்ற நிலையும் ஏன் இருக்கின்றன என்ற கேள்வியே தம்மைச் சோசலிசத்துக்குக் கொண்டுவந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

2012இல் மாநில அவைத் தலைவரை எதிர்த்து நின்று தோற்றார். அடுத்த ஆண்டே, 16 ஆண்டுகள் பதவியில் இருந்த ரிச்சர்ட் கான்லினை வென்று நகர மன்றத்துக்குள் நுழைந்தார். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பதே அவரது முதன்மைக் கோரிக்கை. 2014 ஜூனில் நகர மன்றம் அதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தம் ஊதியத்தில் 40,000 மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தொழிலாளர் போராட்டங்களுக்குக் கொடுத்தார். வாடகைக் கட்டுப்பாடு, பெருநிறுவனங்கள் மீது வரி, இரு பெரிய கட்சிகளையும் சாராத தொழிலாளர் கட்சி ஆகியவற்றில் அவர் இறங்கிவந்ததே இல்லை. அந்தப் பிடிவாதம் அவருக்குப் பகைவர்களையும் சேர்த்தது. மன்றத்தின் வளங்களைத் தம் வரிக் கோரிக்கைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியதற்காக அவர் அபராதம் கட்டியதும், 2021இல் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க நடந்த வாக்கெடுப்பில் 310 வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியதும், அவரை ஆதரிப்பவர்களும் மறைக்கக் கூடாத செய்திகள்.

நம் சங்கத்துக்கு மிக நெருக்கமானது அவர் கொண்டுவந்து, 2023 பிப்ரவரி 21 அன்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறிய சட்டம். அதன் மூலம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டில் ஆனது. தாம் பார்ப்பனக் குடும்பத்தில் வளர்ந்ததை வெளிப்படையாகச் சொன்ன அவர், தாம் மிகவும் நேசித்த தாத்தா, வீட்டு வேலைக்காரப் பெண்ணைச் சாதி இழிசொல்லால் கூப்பிடுவார் என்பதையும், ஆறு வயதில் தாம் அது ஏன் என்று கேட்டபோது, பேத்தி வாயாடுகிறாள் என்று சொல்லித் தாத்தா பேச்சை முடித்துவிட்டதையும் நினைவுகூர்ந்தார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கேள்விக்கு இதே பதில் கிடைத்திருக்கும்!

இந்துக்களை மட்டும் குறிவைக்கும் சட்டம் இது என்று சில அமைப்புகள் எதிர்த்தன. சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பப்பட்டதை அறிந்த நமக்கு, சாதி ஒரு மதத்தோடு நிற்பதில்லை என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியிருப்புத் தெருவையும் குலதெய்வத்தையும் விசாரித்து ஆளை எடைபோடும் பழக்கம் விமானம் ஏறி நம்மோடு வந்துவிட்டது. அலுவலக மதிய உணவு மேசையில் அந்த விசாரிப்புக்கு ஆளாவோரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

வாக்குரிமை உள்ள உறவுகள் அவருக்கு வாக்களிப்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. பொதுவுடைமை பற்றிய அவர் கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவனில்லை. ஆனால் சியாட்டில் நகருக்குள் வேலையிலோ வாடகை வீட்டிலோ கடையிலோ சாதியின் பெயரால் பாகுபாட்டுக்கு ஆளாகும் எவரும், அந்நகரின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் (Seattle Office for Civil Rights) புகார் தரலாம் என்பதை அங்கே புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குத் தயவுசெய்து தெரிவியுங்கள்.