சுண்டெலிகளைச் சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா?

நண்பர்களே, முனைவர் பட்ட ஆய்வில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். 2016-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளுக்குப் பதற்றமும் நாட்டமின்மையும் வந்தன. உணவுப் புரதத்திலிருந்து கிடைக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உடல் கையாளும் விதமும் மாறியது. அதை நம்பித்தான் நானும் சுண்டெலிகளோடு அதுபோன்ற சோதனையில் இறங்கினேன்.

சிக்கல் கூண்டில்தான். சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். நான்கைச் சேர்த்து வைத்தால் நான்கின் குடல் நுண்ணுயிர்களும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன, நான்கையும் தனித்தனி எலிகளாகக் கணக்கிட முடிவதில்லை. சரி, பிரிக்கலாம் என்றால் தனிமையே அவற்றுக்கு அழுத்தம். அப்புறம், அண்டிப் படுக்கத் துணையில்லாமல் உடல்சூட்டுக்கே அதிகம் எரிக்கின்றன, தீனிக் கணக்கும் குழம்புகிறது. நேற்று ஒன்று மயிர் சிலிர்த்து மூலையிலேயே கிடந்தது, சர்க்கரைத் தண்ணீரைத் தொடவில்லை. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

நடுவே துளைத் தடுப்பு வைத்த கூண்டைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஒரு குழுவுக்கு எத்தனை கூண்டு வைத்தீர்கள்? தொடங்கும் முன் எல்லாக் கூண்டுகளின் படுக்கைத் தூளையும் கலந்து போட்டு, குடல் நுண்ணுயிர்களைச் சமமாக்கினீர்களா? அடுத்த தொகுதி வருவதற்குள் சொன்னால் பெரிய உதவி.