மைன்கிராஃப்ட் வீட்டுக் கூரை: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் சர்வைவல் (பொருள்களைத் தேடிச் சேர்த்து உயிர்பிழைக்கும்) முறையில் 12 பிளாக் (கனசதுரக் கட்டி) அகலமும் 17 பிளாக் நீளமும் உள்ள வீடு ஒன்றைக் கட்டி வருகிறேன். சுவர்கள் 4 பிளாக் உயரத்தில் முடிந்துவிட்டன, சிக்கல் கூரையில்தான்.

இருபுறமும் ஒரு பிளாக் இறவாணம் விட்டுப் படிக்கட்டு பிளாக்குகளால் கூரையை ஏற்றியபோது அது 7 பிளாக் உயரத்திற்குப் போய், குட்டையான ஆளுக்குப் பெரிய தலைப்பாகை கட்டியதுபோல் ஆகிவிட்டது. அதைப் பிரித்துவிட்டு, வரிசைக்கு அரை பிளாக் மட்டுமே உயரும்படி ஓக் மர ஸ்லாப்களை (அரை பிளாக் உயரமுள்ள பலகைகளை) அடுக்கினேன். உயரம் மூன்றரையாகக் குறைந்து, பார்க்கவும் அளவாக இருக்கிறது. ஆனால், ஒரு பிளாக் இடத்தின் மேல்பாதியில் ஸ்லாப் அமரும் இடங்களில் எல்லாம் அதன் அடியில் முக்கோணச் சுவருக்கு மேல் அரை பிளாக் சந்து தெரிகிறது. ஒரே பிளாக் இடத்தில் ஓக் ஸ்லாப்பும் கல் ஸ்லாப்பும் சேர்ந்து இருக்க முடியாது என்பதால் அதைச் சுவரின் கல்லால் அடைக்க வழியில்லை.

சுவரை ஒரு பிளாக் உள்ளே தள்ளினால் இது மறையுமா, அல்லது ஓரத்தில் மட்டும் படிக்கட்டு பிளாக்கைத் தலைகீழாக வைப்பது நல்லதா? 1.18 பதிப்பிலிருந்து ஒளி அளவு 0 ஆக உள்ள இடத்தில்தான் அரக்கர்கள் தோன்றுகின்றன என்றாலும், மேல்பாதி ஸ்லாப்களின் மீது அவை தோன்றும் என்பதால், தீப்பந்தங்களை வரிசையாக நட்டு அழகைக் கெடுக்காமல் கூரைக்கு வெளிச்சம் தரும் முறையையும், முடிந்தால் படத்துடன், தெரிவிக்க வேண்டுகிறேன்.