‘கண்டிஷனிங்’: ஒரே சொல் போதுமா?

டர்பன், மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, ஓட்டப் பயிற்றுநர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் இயலில் உடலுக்கான கண்டிஷனிங், அதாவது பயிற்சியால் உடலைத் தயார்செய்வது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் காம்ரேட்ஸ் நெடுந்தொலைவுப் போட்டியின் இறக்க ஓட்டம் ஏறத்தாழ 90 கி.மீ. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இழைகளில் நுண்கிழிவு ஏற்படும். சில வாரங்கள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தில் ஓடிவந்தால் சேதம் குறையும். ஏழாம் இயலில் பாவ்லோவின் நாய்: உணவுக்கு முன் ஒலி கேட்டுக் கேட்டு, ஒலிக்கே உமிழ்நீர் சுரக்கப் பழகிய நாய். இதுவும் கண்டிஷனிங்தான். இதற்குப் பாடநூல்கள் தரும் ‘ஆக்கநிலையுறுத்தல்’ ஓட்டக்காரர் வாயில் நுழையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ், ஆசிரியை:
‘பழக்குதல்’ இருக்கிறதே ஐயா! பழகு தன்வினை, பழக்கு பிறவினை, அடங்கு–அடக்கு போல. ‘கல்வி மனப்பழக்கம்’, ‘நடையும் நடைப்பழக்கம்’ என்று ஔவை வாக்கே உடலையும் மனத்தையும் ஒரு சொல்லுக்குள் வைத்துவிட்டது. ஒலிபெயர்ப்பு மட்டும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு ‘கோந்திசியோன்மான்’ என்றால் சரக்கைப் பொதிகட்டுவதும்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பாவ்லோவ் ருஷ்ய மொழியில் எழுதியது ‘உஸ்லோவ்னி’. ‘ஒரு நிபந்தனையைச் சார்ந்தது’ என்று பொருள். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் ‘ஆக்கப்பட்டது’ என்ற சாயல் ஏறியது. இலங்கை வழக்கான ‘நிபந்தனைப்படுத்தல்’ மூலத்துக்கு நெருக்கம். நிபந்தனை வடசொல் என்று தள்ளுவோர் ‘சார்புறுத்தல்’ எனலாம். உடலுக்குப் ‘பதமேற்றல்’ பொருந்தும். காய்ச்சிய இரும்புக்கும் அதுதான், மண்ணுக்கும் சோற்றுக்கும் பதம் உண்டு. நாய்க்குப் பதம் கிடையாது.

சாட்ஸ்வொர்த், உடலியங்கியல் படித்தவர்:
வேரைவிட இங்கே பொருள் முக்கியம். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், இரண்டு மூன்று வாரத்தில் மூச்சுத்திறன் சரிவது தெரியும். நாயைச் சும்மா விட்டால் அது கற்றது அப்படிக் கரையாது. மெட்ரோனோம் என்ற தாளக்கருவி ஒலித்தும் உணவு தராமல் பலமுறை விட்டால்தான் உமிழ்நீர் வற்றும். இடைவெளி விட்டு மறுபடி ஒலித்தால் கொஞ்சம் திரும்பியும் வரும். வரிசையும் தவறக் கூடாது: ஒலி முந்த வேண்டும், உணவு பிந்த வேண்டும். மாற்றினால் இணைப்பு வலுவாக அமையாது. தசைக்கு இந்த விதி இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், ‘நிறுத்தினால் போய்விடும்’ என்று ஏழாம் இயலையும் தவறாகப் படிப்பார்கள். உடல்திறன் இழப்பைத் ‘தேய்வு’ என்றும் நாய் கற்றது மங்குவதைத் ‘தணிவு’ என்றும் பிரித்தே எழுதுங்கள்.

டர்பன், மொழிபெயர்ப்பாளர்:
சரி. ‘உடற்பழக்கம்’, ‘இணைப்புப் பழக்கம்’. ஐவர் ஆதரவு. தேய்வும் தணிவும் அப்படியே போகின்றன. பக்கம் கட்டத் தொடங்குகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் இயலில் ‘ஹாபிச்சுவேஷன்’ வருகிறது. ஒரே ஓசை திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிப்போய்த் துலங்கல், அதாவது அதற்குக் காட்டும் எதிர்வினை, குறைவது. ஏழில் பழக்கத்தால் துலங்கல் பிறக்கிறது, எட்டில் பழக்கத்தால் மங்குகிறது. அங்கே எந்தச் சொல்லை வைக்கப்போகிறீர்கள்?